கண்டிக்கு முடி இறக்கினார்கள்

வண்டியிலிருந்து என் தம்பி கூடையை இறக்கி வேப்பமரத்தடியில் வைத்தான். எட்டிப் பார்த்தேன். உள்ளே உரித்த முயல் மாதிரி ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் சிவந்து, அங்கங்கே ரத்தம் காய்ந்து, தலையில் மட்டும் சந்தனம் அப்பியிருந்தது. கறிக்குத்தான் ஏதோ வாங்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. வால் நுனியில் ஒரு குஞ்சம் முடி மட்டும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துத்தான் அது என் நாய் என்று தெரிந்தது.

சென்ற வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி பார்த்தால், ஆசிரியப் பயிற்சிக்கு ராமநாதபுரம் போனதை இந்த வாரம் எழுத வேண்டும். அந்தக் கூடையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எத்தனையோ வருசம் ஆகிவிட்டது, இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மனசும் நோகாமல் எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

கப்பலில் வந்த நாய்

என்னைக் கட்டிக்கொடுத்தது உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் மட்டும் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் கொழும்பு, கண்டி, மாத்தளை எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்டிச் சீமை என்று பெயர்.

வருசத்துக்கு ஒரு தடவை வருவார். சில வருசம் அதுவும் இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து, பாம்பன் பாலம் தாண்டி வருவார். சோப்பு, தேயிலை, சீட்டித் துணி கொண்டுவருவார். ஒரு மாசம் இருப்பார். போய்விடுவார்.

ஒரு தடவை கூடையில் நாய் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவன் தன் சீமைக்குக் கிளம்பும்போது கடை முதலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போன நாயின் குட்டியாம். வெள்ளை வெளேரென்று, ஒரு முழ நீளம்கூட இல்லை. உடம்பு பாதி, முடி பாதி. மூக்கும் கண்ணும் மூன்று கரும்புள்ளி.

"தனியா இருக்கியே, உனக்குத் துணைக்கு" என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொமரேனியன் ஜாதி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஊர் அதைச் சடைநாய் என்றது. கண்டியிலிருந்து வந்ததால் நான் கண்டி என்று கூப்பிட்டேன். இரண்டே நாளில் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

சீப்பும் சாக்கும்

சடைநாய் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் கால் வைத்த இடமெல்லாம் நெருஞ்சி. கண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் வயிறெல்லாம் முள்ளும் புல்விதையுமாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்காமல் விட்டால் முடி திரிதிரியாகத் திரிந்து தோலை இழுக்கும். மாட்டுக் கொட்டிலில் உண்ணி வேறு. காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில் என்று பார்த்துப் பார்த்து எடுத்து மண்ணெண்ணெயில் போடுவேன்.

தினமும் மத்தியானம் வேலை ஓய்ந்ததும் மடியில் போட்டுச் சீப்பால் வாரிவிடுவேன். கழுத்துப் பக்கம் வாரும்போது கண்ணை மூடிக்கொள்ளும். கோடையில் குளிர்ந்த மண்பானைக்கு அடியில் ஈரச் சாக்கு விரித்துக் கொடுப்பேன். சாப்பாடு மோர்சோறு, முள் எடுத்த மீன். அண்டை வீட்டார் பாசத்தோடு கருவாட்டு முள்ளைப் போட்டு அது தொண்டையில் சிக்கி, நான் விரல் விட்டு எடுத்து, விரலில் கடி வாங்கியதெல்லாம் தனிக் கதை.

இதற்கெல்லாம் ஊர் என்ன சொன்னது தெரியுமா?

"நாய்க்குத் தலைசீவி விடுறவ வயித்துல பிள்ளை எப்படித் தங்கும்?"

கேட்டீர்களா நியாயத்தை! எதிர்வீட்டுக்காரர் சண்டைச் சேவலுக்குப் பாதாம்பருப்பு ஊறவைத்து ஊட்டுவார். அது கெத்து. என் மாமியார் பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்பு சீவி, வர்ணம் பூசி, சலங்கை கட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவார். அது லட்சணம். நான் ஒரு நாயின் முள்ளை எடுத்தால் மட்டும் என் கர்ப்பப்பை மூடிக்கொள்ளுமாம்.

கல்யாணமாகி வருசங்கள் ஓடியிருந்தன. ஒரு வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். மறந்துபோய்க் கூப்பிட்டால், போன இடத்தில் வளையல் போடச் சொல்ல மாட்டார்கள். அரச மரத்தைச் சுற்றினேன். கோயில் தரையில் சோற்றைக் கொட்டிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்து மண்சோறு தின்றேன். சோற்றோடு வந்த மண் இன்னும் பல்லில் நறநறக்கிற மாதிரி இருக்கிறது.

கோடாங்கி சொன்னது

அந்த வருசம் அவர் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போனார். அவர் போனதிலிருந்து மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் புளி தின்றால்கூட அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் நான் வழக்கம்போல் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கத்து ஓலைச் சாய்ப்புக்குப் போனேன். மாதவிலக்கு என்றால் அந்தக் காலத்தில் மூன்று நாள் வெளியேதான். வீட்டுக்குள் வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. என்னைச் சாய்ப்பில் பார்த்ததும் மாமியார் கையிலிருந்த முறத்தை அப்படியே வீசி எறிந்தார். நேரே கோடாங்கி வீட்டுக்குப் போனார்.

கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொன்னான். "பிள்ளை உக்கார வேண்டிய எடத்துல வேற ஒண்ணு உக்காந்திருக்கு. குலசாமிக்குப் பிள்ளை முடியைத்தானே பாக்கி வச்சிருக்கீக? உக்காந்திருக்கிறதுக்கு முடியெறக்கி, எல்லை தாண்டி விட்டுட்டு வாங்க. எடம் காலியானா பிள்ளை வரும்."

என் வயிறு என்ன டூரிங் கொட்டகையா, துண்டைப் போட்டு இடம் பிடிக்க?

கண்டி என்னைத் தொட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினால் தீட்டு ஒட்டும் என்று அந்த மூன்று நாளும் அதைக் கொல்லைப்புறத்தில் கட்டிப்போடுவது வழக்கம். அதனால் அடுத்த நாள் முழுக்க அதைக் காணாதது எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வண்டி பூட்டிக் குலசாமி கோயிலுக்குப் போகிறோம் என்றார்கள். நான் வரமுடியாத நாள் பார்த்துப் போகிறார்களே என்று வருத்தப்பட்டேன். அந்த நாளைப் பார்த்துத்தான் போனார்கள்.

தாய்மாமன் மடி

அங்கே நடந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரியும்.

குலசாமி அய்யனார், மாரியூர்ப் பக்கம் கடலோர மணல்தேரியில் இருந்தார். சித்திரை மாசம். உச்சி வெயில். பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். நாய்க்குத் தாய்மாமன் யார்? என் தம்பி! முந்தின நாளே எனக்குத் தெரியாமல் திருவாடானைக்கு ஆள் விட்டு வரவழைத்திருக்கிறார்கள். அவனும் வந்திருக்கிறான். மடியில் வைத்துக் காலையும் வாயையும் அமுக்கிப் பிடித்திருக்கிறான்.

கூட வந்த நாவிதர் மட்டும் கத்தியை எடுக்கவே மாட்டேன் என்றாராம். "ஆத்தா, இதை நாய் மேல வச்சா நாளைக்கு எவன் எங்கிட்டத் தாடையைக் காட்டுவான்?" என்று கேட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாராம். அவருக்குத் தொழில் கவலை. நாய்க்காக யாரும் கவலைப்படவில்லை. கடைசியில் என் கொழுந்தன் பழைய கத்தி ஒன்றால் சிரைத்திருக்கிறான். ஆட்டுக்குக் குழை வெட்டுகிற கை.

தலைமுடி மட்டும் இறக்கினால் போதாதா? எது தலை, எது உடம்பு என்று தெரியவில்லையாம். சாமிக்குக் குறை வைக்கக்கூடாது என்று முழுசாக எடுத்துவிட்டார்கள். முடி இறக்கினால் முழுக்காட்ட வேண்டும் அல்லவா, வெட்டுக்காயத்தோடு கடலில் முக்கினார்கள். பிறகு சாஸ்திரப்படி தலையில் சந்தனம். காது குத்தாமல் விட்டார்களே, அதற்கு நான் அய்யனாருக்குக் கும்பிடு போட வேண்டும்.

அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார்கள். கண்டி வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது. சுடுமணலில், தோலில் ஒரு மயிர் இல்லாமல், நாக்கு தொங்க. ரொம்ப தூரம் ஓடி வந்து விழுந்ததும் தம்பி மனசு கேட்காமல் வண்டியிலிருந்து குதித்து எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறான். மாமியார் கத்தியதைக் காதில் வாங்கவில்லையாம். அவ்வளவு மனசாவது இருந்ததே!

தீட்டு

"என்னடா இது?" என்று கேட்டேன்.

"உன் நல்லதுக்குத்தான்க்கா" என்றான்.

"வேட்டி புதுசா இருக்கே? தாய்மாமன் மரியாதையா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

கண்டியைத் தூக்கினேன். தொட்ட இடமெல்லாம் கொதித்தது, அது முனகியது. அப்போது எனக்கு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. நேரே வீட்டுக்குள் நடந்தேன். நெய்க் கிண்ணம் சாமி மாடத்தில் விளக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏண்டி, தூரத்துக்காரி உள்ள வாரியே! சாமி இருக்குடி!" என்று மாமியார் அலறினார்.

"இருக்கட்டும் அயித்தை. நல்லாப் பாக்கட்டும்" என்றேன்.

மாடத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த நெய்யை எடுத்துக் கண்டியின் முதுகெல்லாம் தடவினேன். யாரும் பக்கத்தில் வரவில்லை. வந்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளுமே! வயசுக்கு வந்ததிலிருந்து என்னை ஒதுக்கிவைத்த அந்தத் தீட்டு அன்றைக்கு ஒரு நாள் எனக்குக் காவல் இருந்தது.

மறுநாள் வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மூன்று வேளையும் என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். கண்டிக்கு முதுகு கொப்பளித்து உரிந்தது. ஈ உட்காரவிடாமல் வெள்ளைத்துணி போர்த்தி, அது காயக் காய நனைத்துப் போட்டேன். அவ்வளவு முடியோடு வெயிலில் எப்படித்தான் இருக்கிறதோ என்று எல்லாரும் கேட்பார்கள். அந்த முடிதான் அதற்கு வெயில் படாத கூரை. கூரையைப் பிரித்தெறிந்துவிட்டு நல்லது செய்தோம் என்கிறார்கள்.

பிழைத்துக்கொண்டது. முடி திரும்ப வந்தது திட்டுத்திட்டாக, எலி நிறத்தில். முதுகில் ஒரு கையகலம் கடைசிவரை முளைக்கவில்லை.

இதற்கிடையில் ஊரில் ஒரு விசாரிப்பு. "முடியெறக்குனீகளே, விசேசம் ஏதும் உண்டா?" அட பாவிகளா! அவர் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் துணி கிழித்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே மிளகாய் பறித்துக்கொண்டிருக்கிறேன். விசேசம் என்ன கடல் தாண்டிக் கச்சான் காற்றிலா வரும்? இதை ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. நாய் திரும்பி வந்ததுதான் காரணம் என்றார் மாமியார். "இந்தத் தடவை எம்மவன் வாசப்படி மிதிக்கிறதுக்குள்ள இது எல்லை தாண்டிரணும். இல்லாட்டி நீ தாண்டு."

அவர் வந்தார்

நான் கண்டியை விடவில்லை. அவர் வருகிற அன்று காலையில் அதை மடியில் கட்டிக்கொண்டு கொட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வீட்டுக்குள் போகாமல் என்னைத் தேடி அங்கே வந்தார்.

கண்டியைப் பார்த்தார். முதுகில் அந்த மொட்டை இடத்தைத் தொட்டுப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"இது என்னால வந்த வினை மங்களம்."

"நீங்களா செரைச்சீங்க?"

"அங்கன ஒரு டாக்டர்ட்டக் காட்டினேன். எனக்குப் பிள்ளை பெறக்காதுன்னுட்டாரு. கொறை எங்கிட்டத்தான்."

"எப்பக் காட்டினீங்க?"

அவர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கொண்டாந்தேன்ல, அதுக்கு முந்தி."

அதுக்கு முந்தி! அப்படியென்றால் நான் அரச மரத்தைச் சுற்றியபோது அவருக்குத் தெரியும். மண்சோறு தின்றபோது தெரியும். 'மலடி' என்று சபையில் என்னை எழுப்பிவிட்டதை ஒவ்வொரு வருசமும் அவரிடம் சொல்லி அழுவேனே, அப்போதும் தெரியும். 'எல்லாம் சரியாப் போகும்' என்று முதுகைத் தடவிக் கொடுத்தாரே அந்த மகராசன்! பிள்ளைக்குப் பதிலாகத்தான் நாயைக் கொண்டுவந்திருக்கிறார். என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கூடை தூக்கக் கை வந்திருக்கிறது.

"உள்ள போய் உங்க ஆத்தாட்டச் சொல்லுங்க" என்றேன்.

"ஆம்பளை நான் எப்படிச் சொல்ல?"

"இத்தனை வருசம் நான் பொம்பளை கேட்டுக்கிட்டேன்ல? ஒரே ஒரு தடவை சொல்லுங்க. இல்லாட்டி கோடாங்கியைக் கூப்பிட்டு உக்கார வச்சு நான் சொல்லுவேன்."

போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் முற்றத்தில் நின்றேன். முதலில் அவர் குரல், பிறகு ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. மாமியார் வெளியே வந்து என் கையைப் பிடித்து, 'தாயி, தெரியாமப் பண்ணிட்டோம்' என்று சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் நானும் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

கதவு திறந்தது. மாமியார் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த கண்டியைப் பார்த்தார்.

"அங்கன இருக்கையில ராத்திரி பகலா இந்தச் சனியனை மடியில போட்டுக்கிட்டே கெடந்திருக்கான். அதோட சூடு ஏறித்தான் எம்புள்ளைக்கு இப்படி ஆயிருச்சு. இல்லேன்னா எங்க வம்சத்துல எவனுக்குடி இந்தக் கொறை வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாய் வருவதற்கு முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல வேண்டியவர் அவருக்குப் பின்னால்தான் நின்றார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னலே, நாஞ் சொல்றது சரிதான?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமாத்தா" என்று அவர் தலையை ஆட்டினார். அப்பாடா என்று அவர் தோள் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

பஸ்

நான் சண்டை போடவில்லை. இரண்டு சேலையும், எட்டாம் வகுப்புப் பாஸான சர்டிபிகேட்டும், சீப்பும் எடுத்து ஒரு மூட்டை கட்டினேன். கண்டியைப் பழைய துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். "எங்க போறே?" என்று அவர் கேட்டார். "எல்லை தாண்டுறேன்" என்றேன்.

ராமநாதபுரம் பஸ்ஸில் சந்தை நாள் கூட்டம். முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள், மிளகாய் மூட்டையோடு ஏறியிருந்தார்கள். கண்டக்டர் நாயைப் பார்த்து முறைத்தார். நான் திருப்பி முறைத்ததும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்தில் ஒரு வயசான அம்மாள், முன்பின் தெரியாதவர். துணியை விலக்கிப் பார்த்தார். "நாயா தாயி? நாங்கூட கைப்பிள்ளைன்னுல்ல நெனச்சேன். பிள்ளை இல்லையா உனக்கு?"

"இல்லை" என்றேன்.

"கொறை யாருக்கு?"

இதுவரை எத்தனையோ பேர் என்னிடம் பிள்ளை இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்குக் குறை என்று கேட்ட முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன்.

பஸ் இரைச்சலில் அவருக்குக் காது கேட்கவில்லை. "என்னது?" என்று தலையைச் சாய்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் கொறை! எனக்கு இல்லை!" என்று கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியது. எழுந்து நின்று, அந்தப் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொன்னேன்.